விர்ச்சுவல்பாக்ஸ்: டெபியன் 12 இருந்த டிஸ்க்கைப் புது விஎம்மில் மாட்டினால் இஎஃப்ஐ ஷெல்லில் நிற்கிறது, 40 ஜிபியும் உள்ளே தெரியவில்லை

மின்மினி88:

ஹோஸ்ட் விண்டோஸ் 11, விர்ச்சுவல்பாக்ஸ் 7.0. கெஸ்ட் (விஎம், அதாவது விர்ச்சுவல் மெஷினுக்குள் ஓடுவது) டெபியன் 12, 64 பிட், நெட்இன்ஸ்ட் ஐஎஸ்ஓவிலிருந்து போட்டது. டிஸ்க் டைனமிக் விடிஐ (விர்ச்சுவல்பாக்ஸின் டிஸ்க் கோப்பு), 20 ஜிபி, சாட்டா கன்ட்ரோலர். இஎஃப்ஐ (பயாஸுக்குப் பதிலான புது பூட் முறை) டிக் போட்டுத்தான் இன்ஸ்டால் செய்தேன். பார்ட்டிஷன் பிரிக்கும் இடத்தில் கைடட், முழு டிஸ்க், எல்லாம் ஒரே பார்ட்டிஷனில் என்ற முதல் ஆப்ஷன். எல்விஎம் (டிஸ்க் இடத்தைத் தொகுத்துப் பிரித்துக்கொடுக்கும் அடுக்கு) இல்லை.

இடம் போதாமல் மீடியா மேனேஜரில் டிஸ்க்கை 40 ஜிபியாக ஏற்றினேன். பழைய விஎம்மின் செட்டிங்ஸ் குழப்பமாக இருந்ததால் அதை நீக்கிவிட்டு (டிஸ்க் கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு) புது விஎம் உருவாக்கி அதே விடிஐயை மாட்டினேன். இதிலும் இஎஃப்ஐ டிக் இருக்கிறது.

இப்போது இரண்டு சிக்கல்:

1. ஆன் செய்தால் க்ரப் (பூட்லோடர்) மெனுவே வருவதில்லை. "யுஇஎஃப்ஐ இன்டராக்டிவ் ஷெல்" என்று தலைப்பு, கீழே சில வரிகள், கடைசியில் "ஷெல்>" என்று நின்றுவிடுகிறது.

2. டெபியன் லைவ் ஐஎஸ்ஓவில் பூட் செய்து எல்எஸ்பிஎல்கே (டிஸ்க்குகளைப் பட்டியலிடும் கட்டளை) கொடுத்தால் எஸ்டிஏ 40ஜி, அதனுள் எஸ்டிஏ1 512எம், எஸ்டிஏ2 18.5ஜி, எஸ்டிஏ3 976எம். எஃப்டிஸ்க் திறந்தால் ஜிபிடி பிஎம்பிஆர் சைஸ் மிஸ்மேட்ச் என்று சிவப்பில் எச்சரிக்கிறது, 41943039, 83886079 என்ற இரண்டு எண்களோடு.

உள்ளே போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் இருக்கிறது. திரும்ப இன்ஸ்டால் செய்யாமல் மீட்க வழி உண்டா?

---

ரூட்_ராவணன்:

உண்டு, டேட்டா பத்திரமாகத்தான் இருக்கும். ஆனால் எதிலும் கை வைக்கும் முன் ஒரு கேள்வி: பழைய விஎம்மில் ஸ்னாப்ஷாட் எடுத்திருந்தீர்களா? எடுத்திருந்தால் அதற்குப் பிறகு எழுதப்பட்டதெல்லாம் மூல விடிஐயில் இருக்காது, ஸ்னாப்ஷாட்ஸ் ஃபோல்டரில் நீளமான ஹெக்ஸ் பெயரோடு கிடக்கும் இன்னொரு விடிஐயில் இருக்கும். மூலக் கோப்பை மட்டும் புது விஎம்மில் மாட்டி பூட் செய்தால் பழைய நிலைதான் வரும். அதைவிட மோசம், அந்த பூட்டில் மூலக் கோப்பில் ஏதாவது எழுதப்பட்ட நிமிடமே அதன் மேல் நிற்கும் ஸ்னாப்ஷாட் கோப்பு பொருந்தாமல் போய்விடும். ஆகவே ஸ்னாப்ஷாட்ஸ் ஃபோல்டர் எங்காவது மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் விஎம்மை அணைத்துவிட்டு விடிஐ கோப்பை வேறு டிரைவுக்கு ஒரு காப்பி எடுத்துக்கொண்டு மேலே போகலாம்.

இனி ஷெல் திரை. லினக்ஸ் பூட் ஆகவில்லை என்றால் மூன்றில் ஓர் இடத்தில் நின்றிருக்கும். ஃபர்ம்வேருக்கு டிஸ்க் தெரியவில்லை. டிஸ்க் தெரிகிறது, பூட்லோடர் கிடைக்கவில்லை. பூட்லோடர் கெர்னலை ஏற்றிவிட்டது, கெர்னலுக்கு ரூட் பார்ட்டிஷன் கிடைக்கவில்லை. உங்களுடையது இரண்டாவதாக இருக்க வேண்டும். காரணம், இஎஃப்ஐ முறையில் "டெபியனை இந்தக் கோப்பிலிருந்து ஏற்று" என்ற பதிவு டிஸ்க்கில் எழுதப்படுவதில்லை, என்விராமில் (ஃபர்ம்வேரின் சொந்த நினைவகம்) எழுதப்படுகிறது. விர்ச்சுவல்பாக்ஸ் 7இல் அது விஎம் ஃபோல்டருக்குள் .என்விராம் என்று முடியும் தனிக் கோப்பு. பழைய விஎம்மை நீக்கியபோது அதுவும் போயிற்று. புது விஎம்மின் என்விராம் காலி.

பதிவு இல்லாவிட்டால் ஃபர்ம்வேர் கடைசியாக ஒரு பொது இடத்தைத் தேடும்: இஎஃப்ஐ பார்ட்டிஷனில் \இஎஃப்ஐ\பூட்\பூட்எக்ஸ்64.இஎஃப்ஐ. உபுண்டுவும் ஃபெடோராவும் அங்கே ஒரு பிரதியைத் தாங்களாகவே வைத்துவிடும். டெபியன் கேட்டால்தான் வைக்கும், தன் கோப்புகளை \இஎஃப்ஐ\டெபியன் ஃபோல்டரில் மட்டும் போடும். அதனால்தான் இதே வேலையை உபுண்டு டிஸ்க்கில் செய்கிறவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை.

ஊகத்தில் விடாமல் ஷெல்லிலேயே உறுதி செய்யுங்கள். ஐஎஸ்ஓவைக் கழற்றிவிட்டு, ஷெல் வந்ததும் "மேப் -ஆர்" கொடுங்கள்.

பிஎல்கே0 வரியோடு எஃப்எஸ்0 வரியும் வந்தால் இஎஃப்ஐ பார்ட்டிஷன் நன்றாக இருக்கிறது என்று பொருள். பிஎல்கே வரிகள் மட்டும் வந்தால் ஃபர்ம்வேர் படிக்கக்கூடிய ஃபேட் பார்ட்டிஷன் அதில் இல்லை; அநேகமாக பயாஸ் முறையில் இன்ஸ்டால் ஆன டிஸ்க். அப்படியானால் விஎம் செட்டிங்ஸில் இஎஃப்ஐ டிக்கை எடுத்தாலே போதும். இரண்டுமே இல்லையென்றால் டிஸ்க் மாட்டப்படவே இல்லை, ஸ்டோரேஜ் பக்கத்தைப் பாருங்கள். உங்கள் எஸ்டிஏ1 512 எம்பி என்பதால் எஃப்எஸ்0 வரும் என்றுதான் நினைக்கிறேன்.

வந்தால் இதை அடியுங்கள் (ஷிம் என்பது க்ரப்பை ஏற்றும் சிறு நிரல்):

எஃப்எஸ்0:\இஎஃப்ஐ\டெபியன்\ஷிம்எக்ஸ்64.இஎஃப்ஐ

ஷெல்லில் டேப் விசை பெயரை முடித்துக்கொடுக்கும். கீபோர்டு அமெரிக்க லேஅவுட்டில் இருக்கும், பேக்ஸ்லாஷ் வேறிடத்தில் இருந்தால் திகைக்க வேண்டாம். அடிக்கப் பிடிக்கவில்லையென்றால் "எக்ஸிட்" கொடுத்து பூட் மெயின்டெனன்ஸ் மேனேஜர், பூட் ஃப்ரம் ஃபைல் வழியாகப் போய் அதே கோப்பைத் தேர்ந்தெடுக்கலாம். க்ரப் வரும், டெபியன் வழக்கம்போல் ஏறும்.

இது ஒரு தடவைக்கு மட்டும். உள்ளே போனதும் நிரந்தரமாக்குங்கள். "எஸ்யு -" கொடுத்து ரூட் ஆகுங்கள்; கோடு இல்லாமல் வெறும் எஸ்யு கொடுத்தால் எஸ்பின் ஃபோல்டர் பாத்தில் சேராது, டிபிகேஜி-ரீகான்ஃபிகர் என்ற கட்டளையே இல்லை என்று சொல்லும். பிறகு:

டிபிகேஜி-ரீகான்ஃபிகர் க்ரப்-இஎஃப்ஐ-ஏஎம்டி64

இடையில் "ரிமூவபிள் மீடியா பாத்திலும் க்ரப்பைப் போடவா" என்று கேட்கும். ஆம் என்று சொல்லுங்கள். என்விராம் பதிவையும் புதுப்பிக்கவா என்ற கேள்விக்கும் ஆம். க்ரப்-இன்ஸ்டாலை நேரடியாக --ரிமூவபிள் ஆப்ஷனோடு ஓட்டச் சொல்லும் பதில்கள் நிறையக் கிடைக்கும். அதுவும் வேலை செய்யும், ஆனால் பேக்கேஜ் அமைப்புக்கு அது தெரியாது. அடுத்து க்ரப் அப்டேட் வரும்போது பொது இடத்தில் இருக்கும் பிரதி மட்டும் பழையதாகவே கிடக்கும். ரீகான்ஃபிகர் வழியில் போனால் உங்கள் பதில் நினைவில் இருக்கும், அப்டேட்டுகளில் இரண்டு இடமும் சேர்ந்து புதுப்பிக்கப்படும்.

முடிந்ததா என்று பார்க்க /பூட்/இஎஃப்ஐ/இஎஃப்ஐ/பூட் ஃபோல்டரில் பூட்எக்ஸ்64.இஎஃப்ஐ இருக்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகு இந்த டிஸ்க்கை இஎஃப்ஐ உள்ள எந்த விஎம்மில் மாட்டினாலும் எழும்.

---

நள்ளிரவு_டெர்மினல்:

இரண்டாவது சிக்கலுக்கு வருகிறேன். முதலில் அந்த எஃப்டிஸ்க் எச்சரிக்கை: பயப்பட ஒன்றுமில்லை. 20 ஜிபி டிஸ்க்கில் 512 பைட் செக்டர்கள் 41943040, 40 ஜிபியில் 83886080. எண்ணிக்கை 0இல் தொடங்குவதால் கடைசி செக்டர் ஒன்று குறைவு. நீங்கள் சொன்ன இரண்டு எண்களும் அவைதான். ஜிபிடி (டிஸ்க்கின் பார்ட்டிஷன் அட்டவணை முறை) தன் அட்டவணையின் இன்னொரு பிரதியை டிஸ்க்கின் கடைசியில் வைத்திருக்கும். டிஸ்க் பெரிதானதால் பழைய "கடைசி" இப்போது நடுவில் கிடக்கிறது, அவ்வளவுதான்.

மீடியா மேனேஜர் டிஸ்க்கின் அளவை மட்டும்தான் ஏற்றும். பார்ட்டிஷனையும் அதனுள்ளே இருக்கும் ஃபைல்சிஸ்டத்தையும் நீங்கள்தான் நீட்ட வேண்டும். உங்கள் விஷயத்தில் ஒரு தடங்கல் இருக்கிறது: காலியிடம் எஸ்டிஏ3க்குப் பின்னால் இருக்கிறது, நீட்ட வேண்டியதோ எஸ்டிஏ2. நடுவில் 976 எம்பி ஸ்வாப் (ரேம் போதாதபோது பயன்படும் டிஸ்க் இடம்) குறுக்கே நிற்கிறது. டெபியன் கைடட் முறையில் எல்லாம் ஒரே பார்ட்டிஷனில் என்ற ஆப்ஷன் ஸ்வாப்பைக் கடைசியில்தான் போடும், ஆகவே அப்படிப் போட்டு டிஸ்க்கை ஏற்றுகிறவர்கள் எல்லோரும் இங்கே முட்டுவார்கள். ஸ்வாப்பை நகர்த்துவதைவிட எடுத்துவிட்டு ஸ்வாப் கோப்பாக வைத்துக்கொள்வது சுலபம்.

ஓடும் டெபியனிலிருந்தே செய்யலாம், லைவ் ஐஎஸ்ஓ தேவையில்லை. இஎக்ஸ்டி4 (உங்கள் ரூட்டின் ஃபைல்சிஸ்டம்) மவுன்ட் ஆகி இருக்கும்போதே வளரும்; சுருக்குவதற்குத்தான் அன்மவுன்ட் வேண்டும். ரூட்டாக, இந்த வரிசையில்:

ஸ்வாப்ஆஃப் -ஏ

பார்ட்டட் /டெவ்/எஸ்டிஏ

உள்ளே "பிரின்ட்" கொடுங்கள். எல்லா இடமும் பயன்படவில்லை, ஃபிக்ஸா இக்னோரா என்று கேட்கும். ஃபிக்ஸ். அதோடு ஜிபிடி எச்சரிக்கை ஒழிந்தது. பிறகு "ஆர்எம் 3", "க்விட்". ஆர்எம் அடிக்கும் முன் பிரின்ட் காட்டும் பட்டியலில் 3 என்பது லினக்ஸ்-ஸ்வாப்தானா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். பார்ட்டட் அடித்த உடனே எழுதிவிடும், எஃப்டிஸ்க் மாதிரி கடைசியில் சேமிக்கவா என்று கேட்காது.

ஏபிடி இன்ஸ்டால் கிளவுட்-கெஸ்ட்-யுட்டில்ஸ்

க்ரோபார்ட் /டெவ்/எஸ்டிஏ 2

எஸ்டிஏவுக்கும் 2க்கும் நடுவே இடைவெளி கட்டாயம். சேர்த்து அடித்தால் வேலை செய்யாது. "நோசேஞ்ச்" என்று பதில் வந்தால் எஸ்டிஏ3 இன்னும் போகவில்லை என்று அர்த்தம்.

ரீசைஸ்2எஃப்எஸ் /டெவ்/எஸ்டிஏ2

இங்கே இடைவெளி இல்லை, ஏனென்றால் இது பார்ட்டிஷனோடு பேசுகிறது, முந்தையது டிஸ்க்கோடு பேசுகிறது. டிஎஃப் -எச் கொடுத்தால் 39 ஜிபிக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும்.

ஸ்வாப் கோப்பு: ஃபாலொகேட் -எல் 1ஜி /ஸ்வாப்ஃபைல், பிறகு சிஎச்மோட் 600, எம்கேஸ்வாப், ஸ்வாப்ஆன், மூன்றும் அதே கோப்பின் மேல். எஃப்எஸ்டேபில் (பூட்டில் எதை மவுன்ட் செய்வது என்ற பட்டியல்) பழைய ஸ்வாப் யுயுஐடி (பார்ட்டிஷனின் தனி அடையாள எண்) வரியை எடுத்துவிட்டு /ஸ்வாப்ஃபைல் வரியைப் போடுங்கள். பழைய வரி மிச்சம் இருந்தால் ஒவ்வொரு பூட்டிலும் சிஸ்டம்டி இல்லாத பார்ட்டிஷனுக்காக ஒன்றரை நிமிடம் காத்துக்கிடக்கும்.

மற்ற அமைப்புகளில் இருப்பவர்களுக்கு இரண்டு வரி. பயாஸ் முறை டெபியனில் ஸ்வாப் எஸ்டிஏ5 ஆகவும் அது எஸ்டிஏ2 என்ற எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனுக்குள்ளும் இருக்கும். 5ஐ எடுத்து, பிறகு 2ஐ எடுத்து, எஸ்டிஏ1ஐ நீட்ட வேண்டும். உபுண்டு சர்வர் எல்விஎம் போடும், அங்கே க்ரோபார்டுக்குப் பிறகு பிவிரீசைஸ், பிறகு எல்விஎக்ஸ்டெண்ட் -எல் +100%ஃப்ரீ -ஆர். இதில் எல் சிறிய எழுத்து. உபுண்டு சர்வரில் டிஸ்க்கை ஏற்றாமலேயே பாதி இடம் காணவில்லை என்று புலம்புகிறவர்களுக்கும் இந்தக் கடைசிக் கட்டளைதான் மருந்து. அதன் இன்ஸ்டாலர் இயல்பாக வால்யூம் குரூப் முழுவதையும் ரூட்டுக்குக் கொடுப்பதில்லை.

---

மின்மினி88:

இருவருக்கும் நன்றி. ஸ்னாப்ஷாட் எதுவும் இல்லை. மேப் -ஆர் எஃப்எஸ்0 காட்டியது, ஷிம் ஏறியது, ரீகான்ஃபிகருக்குப் பிறகு தானாகவே பூட் ஆகிறது. ரூட் இப்போது 39ஜி. போஸ்ட்கிரெஸ் சரியாக எழுகிறது.

ஒன்று மட்டும்: க்ரப்புக்குப் பிறகு அரை நிமிடம் போலத் திரை நிற்கிறது, "கேவ் அப் வெயிட்டிங் ஃபார் சஸ்பெண்ட்/ரெஸ்யூம் டிவைஸ்" என்று ஒரு வரி வந்துவிட்டுத்தான் மேலே போகிறது. எஃப்எஸ்டேபில் பழைய வரி இல்லை.

இன்னொரு கேள்வி. இதே டிஸ்க்கைப் பிறகு கேவிஎம்முக்கு (லினக்ஸின் சொந்த விர்ச்சுவல் மெஷின் அமைப்பு) கொண்டுபோக வேண்டியிருக்கும். அங்கே விர்ட்ஐஓ (விஎம்களுக்கென்றே செய்த டிஸ்க் இணைப்பு) டிஸ்க் வைத்தால் பெயர் விடிஏ ஆகிவிடுமே, பூட் ஆகுமா?

---

நள்ளிரவு_டெர்மினல்:

ஹைபர்னேட் செய்த நினைவகத்தை எங்கிருந்து மீட்பது என்று இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் (ரூட் திறக்கும் முன் கெர்னல் பயன்படுத்தும் சிறு ஃபைல்சிஸ்டம்) எழுதிவைத்திருக்கிறது, அது பழைய ஸ்வாப்பின் யுயுஐடி. /இடிசி/இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ்/கான்ஃப்.டி/ரெஸ்யூம் கோப்பில் ரெஸ்யூம்=நன் என்று மாற்றி, அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு கொடுங்கள். ரெஸ்யூம் என்பது பெரிய எழுத்தில், நன் என்பது சிறிய எழுத்தில். விஎம்முக்கு ஹைபர்னேட் தேவையே இல்லை, ஹோஸ்டிலிருந்து சேவ் ஸ்டேட் கொடுத்தால் அதே வேலை நடக்கும்.

---

கெர்னல்குட்டி:

கேவிஎம் பற்றி. விடிஏ என்ற பெயர் உங்களைப் பாதிக்காது. டெபியன் எஃப்எஸ்டேபிலும் க்ரப்பிலும் யுயுஐடிதான் எழுதுகிறது, டிஸ்க் எந்தப் பெயரில் வந்தாலும் தேடிக்கொள்ளும். எஃப்எஸ்டேபில் கையால் /டெவ்/எஸ்டிஏ என்று ஏதாவது சேர்த்திருந்தால் மட்டும் மாற்றுங்கள்.

பெயரைவிட முக்கியமானது டிரைவர். ரூட் பார்ட்டிஷனைத் திறக்க வேண்டிய டிரைவர் இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள்ளேயே இருக்க வேண்டும். இல்லையென்றால் க்ரப் வரும், கெர்னல் ஏறும், பிறகு "யுயுஐடி டஸ் நாட் எக்ஸிஸ்ட்" என்று சொல்லி இனிட்ராம்எஃப்எஸ் ப்ராம்ப்டில் விழும். ராவணன் சொன்ன மூன்றாவது இடம் இது. அந்த ப்ராம்ப்டில் கேட் /ப்ராக்/பார்ட்டிஷன்ஸ் கொடுங்கள்: விடிஏ வரி இல்லையென்றால் டிரைவர் இல்லை, வரி இருந்தால் யுயுஐடி தவறு. இந்த ஒரு கட்டளை நிறைய நேரத்தை மிச்சப்படுத்தும்.

டெபியன் இயல்பாக மாட்யூல்ஸ்=மோஸ்ட் என்று வைப்பதால் விர்ட்ஐஓ உள்ளேயே இருக்கும். எக்ஸ்பர்ட் இன்ஸ்டாலில் "இந்தக் கணினிக்குத் தேவையான டிரைவர்கள் மட்டும்" என்று தேர்ந்தெடுத்திருந்தால் இருக்காது. விர்ச்சுவல்பாக்ஸில் இருக்கும்போதே எல்எஸ்இனிட்ராம்எஃப்எஸ் கொடுத்து விர்ட்ஐஓ_பிஎல்கே என்று க்ரெப் செய்து பார்த்துக்கொள்ளுங்கள்.

ராக்கி, அல்மா, ரெட் ஹேட் வகைகளில் இதுதான் பெரிய தலைவலி. அங்கே டிராகட் அந்த நேரத்தில் இருக்கும் ஹார்டுவேருக்கு மட்டும் இனிட்ராம்எஃப்எஸ் கட்டும். சாட்டாவில் இன்ஸ்டால் செய்து விர்ட்ஐஓவுக்கு மாற்றினால் விழுந்துவிடும். விழுந்த பிறகும் வழி உண்டு: க்ரப் மெனுவில் கடைசியில் இருக்கும் ரெஸ்க்யூ கெர்னல் எல்லா டிரைவரோடும் கட்டப்பட்டது, அதில் எழுந்து டிராகட் -எஃப் --ரீஜெனரேட்-ஆல் --நோ-ஹோஸ்ட்ஒன்லி கொடுங்கள். டிஸ்க்கைத் தற்காலிகமாகச் சாட்டாவுக்குத் திருப்பி எழுந்து இதே கட்டளையைக் கொடுத்தாலும் சரி.

கொண்டுபோகும் முறை: விஎம்மை முழுவதும் ஷட்டவுன் செய்யுங்கள், சேவ் ஸ்டேட்டில் விடாதீர்கள். பிறகு க்யுஇஎம்யு-இமேஜ் கன்வெர்ட், -எஃப் விடிஐ, -ஓ க்யுகவ்2 (கேவிஎம்மில் பயன்படும் டிஸ்க் வடிவம்). இந்த -ஓ பெரிய எழுத்து. விர்ட்-மேனேஜரில் "ஏற்கெனவே இருக்கும் டிஸ்க் இமேஜ்" என்று உருவாக்கும்போது, முடிக்கும் முன் கான்ஃபிகரேஷனைத் திறக்கும் டிக்கைப் போட்டு ஃபர்ம்வேரை யுஇஎஃப்ஐ ஆக்குங்கள். அதை பயாஸில் விட்டால் "நோ பூட்டபிள் டிவைஸ்" என்றுதான் வரும். என்விராம் அங்கேயும் புதிதாகத்தான் இருக்கும், ஆனால் பூட்எக்ஸ்64 வைத்துவிட்டதால் இந்த முறை ஷெல்லில் நிற்காது.

டிஸ்க்கோடு சம்பந்தமில்லை என்றாலும் நிச்சயம் தட்டுப்படப் போவது: நெட்வொர்க் வராது. விர்ச்சுவல்பாக்ஸில் இஎன்பி0எஸ்3 என்றிருந்த கார்டு அங்கே இஎன்பி1எஸ்0 ஆகிவிடும். டெஸ்க்டாப் இல்லாத டெபியனில் /இடிசி/நெட்வொர்க்/இன்டர்ஃபேசஸ் கோப்பில் பழைய பெயர்தான் இருக்கும். ஐபி ஏ கொடுத்துப் புதுப் பெயரைப் பார்த்து மாற்றுங்கள்.

கேவிஎம்மில் ரெட் ஹேட் 9 வகைகளைப் போடுகிறவர்கள் டிஸ்க் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்ளும் இன்னொன்று: தொடக்கத்திலேயே கெர்னல் பேனிக், மேலே சற்று உருட்டினால் சிபியுவுக்கு எக்ஸ்86-64-வி2 (சிபியு வசதிகளின் ஒரு நிலை) இல்லை என்று க்ளிப்சி (லினக்ஸின் அடிப்படை சி நூலகம்) சொல்லியிருக்கும். விஎம்முக்கு க்யுஇஎம்யு64 அல்லது கேவிஎம்64 என்ற பழைய சிபியு மாடல் கொடுத்ததால் வருவது. ஹோஸ்ட்-பாஸ்த்ரூ ஆக்கினால் போய்விடும். ரெட் ஹேட் 10 வி3 கேட்கிறது, அங்கே நிஜ சிபியுவே பழையதாக இருந்தால் மாடலை மாற்றியும் பயனில்லை.

---

ரூட்_ராவணன்:

மின்மினி, ஒன்றைச் சேர்க்கிறேன். 40 ஜிபி என்பது உச்ச வரம்பு மட்டும்தான். டைனமிக் விடிஐ எழுத எழுத ஹோஸ்டில் வளரும். விண்டோஸ் டிரைவில் அவ்வளவு காலியிடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஹோஸ்டில் இடம் தீர்ந்தால் விர்ச்சுவல்பாக்ஸ் விஎம்மை பாஸ் செய்து, ஹோஸ்டில் டிஸ்க் நிரம்பிவிட்டது என்று சொல்லும். அப்போது பவர் ஆஃப் கொடுக்காதீர்கள். ஹோஸ்டில் எதையாவது நீக்கி இடம் ஏற்படுத்திவிட்டு ரெஸ்யூம் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து எழுதும், போஸ்ட்கிரெஸுக்குத் தெரியவே தெரியாது.

கெஸ்ட்டில் கோப்புகளை அழித்தாலும் விடிஐ தானாகச் சுருங்காது. சுருக்க வேண்டுமானால் லைவ் ஐஎஸ்ஓவில் எழுந்து, எஸ்டிஏ2ஐ மவுன்ட் செய்யாமல் ஜீரோஃப்ரீ (காலியிடத்தைப் பூஜ்யத்தால் நிரப்பும் கருவி) ஓட்டி, அணைத்துவிட்டு, ஹோஸ்டில் விபாக்ஸ்மேனேஜ் மாடிஃபைமீடியம் கட்டளையை --காம்பாக்ட் ஆப்ஷனோடு கொடுங்கள். க்யுகவ்2க்கு மாற்றப் போகிறீர்கள் என்றால் அதற்கு முன் ஜீரோஃப்ரீ மட்டும் போதும், கன்வெர்ட் ஆகும்போது பூஜ்யமாக இருக்கும் இடங்களை அது எழுதாமல் தாண்டிவிடும்.